வாசலில் கழற்றிய ஷூ

அம்புஜம் அத்தை எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், செருப்பைக் கழற்றியதும் குனிந்து அதைத் திருப்பி வைப்பார். இரண்டு நுனியும் வெளியே போகும் வழியைப் பார்த்து நிற்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு ஒரு கொத்து கறிவேப்பிலை கேட்டு வந்தாலும் அப்படித்தான். தன் சொந்த வாசலிலும் அப்படித்தான். ஈஜிபுராவில் எங்கள் காம்பவுண்டில் வரிசையாக ஐந்து வீடுகள்; அவர் வீடு எங்களுக்குப் பக்கத்து வீடு. சின்ன வயதில் நாங்கள் பிள்ளைகள் அந்தச் செருப்பை உள்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுச் சுவரோரம் நின்று பார்ப்போம். அவர் வெளியே வருவார், பார்ப்பார், திட்ட மாட்டார். மறுபடி குனிந்து திருப்பி வைத்துவிட்டு, பிறகுதான் காலை நுழைப்பார்.

அது ஏதோ சாத்திரம் என்று வெகு காலம் நினைத்திருந்தேன். கல்லூரியில் சேர்ந்த வருடம், ஒரு வீட்டில் பூஜை, தேங்காய் துருவ ஆள் வேண்டும் என்று என்னையும் தன்னோடு அழைத்துப் போனார். அன்று முழுக்க அவர் பின்னாலேயே ஓடினேன். கோரமங்கலா அடுக்குமாடி ஒன்றில் இட்லி அவித்து இறக்கிவிட்டு, பக்கத்துக் கட்டடத்தில் சாம்பாருக்குப் பருப்பு போட்டுவிட்டு, மறுபடி பூஜை வீட்டுக்கு. கதவைத் திறந்து வெளியே வரும் வேகத்திலேயே கால் செருப்புக்குள் போய்விடும். நின்று தேடுவது கிடையாது. லிஃப்டுக்குக் காத்திருப்பதும் கிடையாது. படியில் பாதி இறங்கியிருப்பார். சாத்திரமெல்லாம் ஒன்றுமில்லை, நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் செருப்பு அப்படித் திரும்பி நின்றது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆரணிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி பெங்களூருக்கு வந்தவர். கணவர் கோதண்டராமன் தண்ணீர் டேங்கர் ஓட்டுகிறார். ஊருக்கெல்லாம் தண்ணீர் கொண்டு போகிறவர் வீட்டுக் குழாயில் வாரத்தில் இரண்டு நாள்தான் தண்ணீர் வரும் என்று காம்பவுண்டே கேலி பேசும். பிள்ளைகள் இல்லை. அத்தை முதலில் ஒரு கார்மெண்ட்ஸில் இருந்தார், பிறகு சமையலுக்கு வந்துவிட்டார். நாலு வீடு. 'சமையல்காரி' என்று யாராவது சொன்னால் ஒன்றும் சொல்ல மாட்டார். 'வேலைக்காரி' என்றால் மட்டும் அன்றைக்கு ரசத்தில் உப்பு ஒரு சிட்டிகை கூடியிருக்கும் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

காம்பவுண்டின் முதல் வீட்டில் எலிசபெத் ஆன்ட்டி. கோலார் தங்கவயலில் பிறந்தவர். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கம் மூடிய பிறகு வேலை தேடி பெங்களூருக்கு வந்தவர்களில் ஆன்ட்டியும் ஒருவர். அவரும் சமையல்தான். ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளாமல் இருவரும் ஒரு நாள்கூட இருந்ததில்லை. ஒருவர் செய்த குழம்பை மற்றவர் தொட்டு நக்கிவிட்டு முகத்தைச் சுளிப்பதும், பிறகு அதையே இரண்டு கரண்டி வாங்கிப் போவதும் தினமும் நடக்கும்.

சமையல் வேலையில் இருக்கும் பெண்களுக்கு லீவு கிடைப்பது லேசில்லை. வீட்டுக்காரர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் மூன்றாவது நாள் வேறு ஆள் பார்த்துவிடுவார்கள். அதனால் எங்கள் தெருப் பெண்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. காசில் கைமாற்று வாங்குவது போல அவர்கள் நாட்களைக் கைமாற்று வாங்குவார்கள். எனக்கு உடம்பு சரியில்லை என்றால் என் வீடுகளையும் சேர்த்து நீ போய்ப் பார். உனக்கு வேண்டிய நாளில் நான் உன் வீடுகளைப் பார்க்கிறேன். வாங்கிய நாளை நாளாகத்தான் திருப்பித் தர வேண்டும். அதற்குப் பதிலாகக் காசு நீட்டினால் சண்டை வரும். ஒருமுறை அத்தை நீட்டியிருக்கிறார். "காசு குடுக்கற அளவுக்கு நீ என்னா எனக்கு மேடமா?" என்று கேட்டுவிட்டு ஆன்ட்டி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

பொங்கலென்றால் ஆன்ட்டி அத்தையின் வீடுகளையும் சேர்த்துப் பார்ப்பார், அத்தை ஆரணிக்குப் போவார். கிறிஸ்மஸென்றால் அத்தை பார்ப்பார், ஆன்ட்டி தங்கவயலுக்கு ரயிலேறுவார். வருடா வருடம் இப்படித்தான். ஒரு கிறிஸ்மஸுக்கு மட்டும் அத்தைக்குச் சிக்குன்குனியா வந்து படுத்துவிட்டார். ஆன்ட்டி தங்கவயலுக்குப் போகவில்லை. அடுத்து வந்த பொங்கலுக்கு அத்தை ஊருக்குப் போக மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். "போடி. பொங்கல்னா உங்க ஊர்ல சாமி உன்னத் தேடாது? வர்ற கிறிஸ்மஸ் சேத்துக் குடு" என்று ஆன்ட்டிதான் பையைத் தூக்கிக் கையில் கொடுத்து அனுப்பினார்.

அந்த வருடம்தான் அத்தையின் குதிகால் வலி முற்றியது.

காலையில் படுக்கையை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது அவர் சுவரைப் பிடித்துக்கொள்வது எங்கள் வீட்டுக்குக் கேட்கும். அவருடைய வளையல் சுவரில் உரசும். வார்டு கிளினிக்குக்கு என்னையும் அழைத்துப் போனார். சர்க்கரை இருக்கிறது, கால் விரல்களில் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்றார் டாக்டர். வெறுங்காலோடு தரையில் நிற்கக் கூடாது, மெத்தென்ற ஷூ போட வேண்டும், நிற்பதைக் குறைக்க வேண்டும்.

திரும்பி வரும்போது அத்தை சொன்னார்: "நிக்காம சமைக்கறதுக்கு எதாச்சும் மாத்திரை இருக்கானு கேட்டேன். அந்த டாக்டர் பொண்ணு சிரிக்கவே இல்ல பாரு."

அவர் பார்த்த நாலாவது வீடு சிந்து மேடமுடையது. கோயம்புத்தூர்ப் பெண், ஐ.டி.யில் வேலை. மாரத்தான் ஓடுகிறவர். அவர் வீட்டில் ஷூவுக்கென்றே ஒரு அலமாரி உண்டு என்று அத்தை சொல்வார். இத்தனை கிலோமீட்டர் ஓடியதும் பார்க்கப் புதிதாக இருந்தாலும் மாற்றிவிடுவாராம். அத்தை நொண்டுவதைப் பார்த்து அவர் அப்படி மாற்றிய ஜோடி ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அத்தை வாங்கவில்லை.

"நல்லா இருந்துச்சு பிரபா. பஞ்சாட்டம். ஆனா அடுத்தவங்க போட்டதுல கால் வெச்சா அவங்க பீடை நமக்கு ஒட்டிக்கும். சனிக்கெழமை கோயில்ல எதுக்குச் செருப்ப விட்டுட்டு வர்றாங்க? அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு. அதுக்கு இன்னா பீடை இருக்குதோ நமக்கு எப்டித் தெரியும்?"

புதிதாக வாங்குவதென்றால் எவ்வளவு என்று சிந்துவிடமே கேட்டிருக்கிறார். அவர் கைப்பேசியில் ஒரு ஷூவின் படத்தையும் விலையையும் அனுப்பிவைத்தார். அன்று மாலை காம்பவுண்டுக் குழாயடியில் அத்தை அதை என்னிடம் நீட்டினார்.

"நீ படிச்சவ. பாத்துச் சொல்லு. இந்தக் காசுக்கு இது தகுமா?"

பதிமூன்றாயிரத்துச் சொச்சம். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த எலிசபெத் ஆன்ட்டி எட்டிப் பார்த்தார்.

"இன்னாடி இது, காலுக்குப் போடறதா இல்ல பேங்க்ல போடறதா? இந்தக் காசுக்கு ஒரு ஆடு வாங்கிக் கட்டு. அது மேல ஏறிப் போ வேலைக்கு."

"நீ சும்மா இரு எலிசு. உன் கிறிஸ்மஸுக்காகத்தான் பாக்கறேன். உன் மூணு வீடும் சேந்தா ஏழு அடுப்பு. இந்தக் காலோட நிக்க முடியுமா?"

அந்தக் கிறிஸ்மஸ் சாதாரணமானது இல்லை என்பது காம்பவுண்டில் எல்லோருக்கும் தெரியும். எலிசபெத் ஆன்ட்டியின் அக்கா ஆஞ்சலா கன்னியாஸ்திரி. வடக்கே எங்கேயோ மலைக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார். அவருடைய சபையில் பல வருடங்களுக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு விடுவார்கள். அந்த முறை அந்தக் கிறிஸ்மஸுக்கு வாய்த்திருந்தது. அடுத்த முறை வரும்போது அம்மா இருப்பாரோ மாட்டாரோ என்று ஆன்ட்டி சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த நாட்களைத்தான் அத்தை தர வேண்டியிருந்தது. கால் தாங்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நான் இரண்டு நாள் உட்கார்ந்து அந்த ஷூவைப் பற்றிப் படித்தேன். பி.காம் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த காலம். படிப்பதற்கு நேரம் இருந்தது. வாங்கியவர்கள் இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். விலை குறைந்த ஷூவும் இதுவும் ஒன்றுதான், பிராண்டுக்குத்தான் காசு என்று சிலர். முழங்கால் வலி போய்விட்டது, இனி வேறெதுவும் வாங்க மாட்டேன் என்று சிலர். குதிகாலில் வலி இருந்த ஒருவர், காலையில் இறங்கி நடக்கவே பயந்த நான் இப்போது ஓடுகிறேன் என்று எழுதியிருந்தார். அதைத்தான் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். அவர் திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னார்.

எல்லோரும் ஷூவைக் காலில் போட்டிருக்கும் நேரத்தைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள். அவர்கள் காலையில் போட்டு, ஓடி முடித்துக் கழற்றுகிறவர்கள்.

தீபாவளிக்கு நாலு வீட்டிலும் போனஸ் வந்தது. மறுநாளே இந்திராநகரில் அந்த ஷூ விற்கும் கடைக்குப் போனோம். கடையில் ஓடும் இயந்திரம் ஒன்று வைத்திருந்தார்கள். அதில் ஓடச் சொல்லிப் பின்னாலிருந்து காலைப் படம் பிடித்துப் பார்த்து ஷூ கொடுப்பார்களாம். கிஷோர் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த விற்பனையாளர் அத்தையின் புடவையைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். அத்தை தயங்கவில்லை. கொசுவத்தை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு ஏறிவிட்டார்.

"எல்லி ஓடோது அம்மா? பார்க்கா, ரோடா?" என்று எங்கே ஓடுவீர்கள் என்பதைக் கன்னடத்தில் கேட்டார் கிஷோர்.

"மனெயிந்த மனெகே" என்றார் அத்தை. வீட்டிலிருந்து வீட்டுக்கு.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தார். இயந்திரத்தின் வேகத்தை அவரே கூட்டச் சொன்னார். அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. கையில் பை இல்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை, போய்ச் சேர வேண்டிய வீடு எதுவும் இல்லை. இறங்கும்போது முகமெல்லாம் வியர்வை. "வலிக்கல பிரபா" என்றார். "கொஞ்சங்கூட வலிக்கல." பிறகு எதையும் கேட்காமல் பையிலிருந்து பணத்தை எடுத்தார்.

கிஷோர் இரண்டு விஷயம் சொன்னார். சாக்ஸ் இல்லாமல் போடக் கூடாது. ஒவ்வொரு முறையும் நாடாவை இறுக்கிக் கட்ட வேண்டும், கால் உள்ளே ஆடக் கூடாது. அத்தை தலையாட்டிவிட்டு சாக்ஸும் ஒரு ஜோடி வாங்கினார்.

முதல் சில நாட்கள் தெருவே அவர் காலைத்தான் பார்த்தது. பளீரென்ற ஆரஞ்சு நிறம். அப்பார்ட்மெண்ட் வாட்ச்மேன், "இன்னா அக்கா, ஒலிம்பிக்ஸா?" என்று கேட்டிருக்கிறார். "ஆமா, உப்புமா ஓட்டப் பந்தயம்" என்று இவர் சொல்லியிருக்கிறார். இரண்டாவது வீட்டு மேடம் வாசலில் கிடந்த ஷூவைப் பார்த்துவிட்டு யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று தலையைச் சீவிக்கொண்டு வந்தாராம். அதை அத்தை நடித்துக் காட்டியபோது எலிசபெத் ஆன்ட்டி குழாயடியில் உட்கார்ந்துவிட்டார், அவ்வளவு சிரிப்பு.

ரோட்டில் நடக்கும்போது வலி குறைந்தது உண்மை. அதை நான் பார்த்தேன். ஆனால் அத்தையின் நாளில் ரோடு எவ்வளவு? ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குச் சில நிமிடம். மீதி நேரமெல்லாம் அடுக்களைகளில், கிரானைட் தரையில், வெறுங்காலில். ஷூ அப்போது வாசலில் நுனியை வெளியே பார்த்து நின்றுகொண்டிருக்கும்.

ஒரு வீட்டிலாவது உள்ளே போட்டுக்கொள்ள விட மாட்டார்களா என்று கேட்டேன்.

"சிந்து மேடம் சொல்லிச்சு. தொடச்சிட்டு உள்ளயே போட்டுக்கோங்க, இல்லாட்டி வீட்டுக்குள்ள போடற செருப்பு ஒண்ணு வாங்கித் தரேன்னுச்சு. நான்தான் மாட்டேன்னுட்டேன்."

"ஏன் அத்தே?"

"அடுப்பு முன்னாடி செருப்புக் காலோட நிப்பாங்களா? நீ நிப்பியா?"

எங்கள் வீட்டில் நானும் நிற்க மாட்டேன். ஆனால் அது எங்கள் அடுப்பு. அவருக்கு அந்த வித்தியாசம் இல்லை. யார் வீட்டுக் காஸ் அடுப்பாக இருந்தாலும் பற்ற வைப்பதற்கு முன் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்.

சாக்ஸ் இரண்டாம் நாளே கைப்பைக்குள் போய்விட்டது. நாலு வாசலில் நாலு முறை அதைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால் யார் வீட்டுப் பிள்ளைக்கு டப்பா கட்டுவது? பாத்திரம் கழுவும் இடத்தில் நின்ற ஈரக் காலை அப்படியே ஷூவுக்குள் நுழைப்பார். நாடாவையும் ஒரே முறை தளர்வாக முடிந்து வைத்துவிட்டார், செருப்பு மாதிரி மாட்டவும் உருவவும் வசதியாக. அவர் நேரத்தை மிச்சம் பிடித்த வழியெல்லாம் செருப்புக்கு ஏற்பட்டது. அதே வழியில் ஷூவையும் போட்டார். உள்ளே ஈரத் தோல் உரசிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். விரலில் உணர்ச்சி இருந்தால் சாயங்காலத்துக்குள் தெரிந்திருக்கும்.

நவம்பர் கடைசியில் ஒரு நாள், அவர் வாசலில் கழற்றி வைத்திருந்த ஷூவுக்குள் சுண்டுவிரல் பக்கம் கறையைப் பார்த்தேன்.

"தக்காளி" என்றார்.

"ஷூவுக்குள்ள எப்டி அத்தே தக்காளி?"

அவர் உள்ளே போனார். அன்று இரவு கோதண்டராமன் மாமாவிடமும், காலையில் எலிசபெத் ஆன்ட்டியிடமும் சொன்னேன். ஆன்ட்டி மாவுக் கையோடு வந்தார். அத்தையைக் கட்டிலில் உட்கார வைத்துக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துப் பார்த்தார். சுண்டுவிரலின் வெளிப்பக்கம் தோல் உரிந்து, ஓரமெல்லாம் வெளுத்து, நடுவில் கறுத்திருந்தது. மேலே மஞ்சள் அப்பியிருந்தது.

"எத்தினி நாளாடி?"

"ஒண்ணும் இல்ல. வலிக்கவே இல்ல."

"வலிக்கலனாத்தான்டி பயம். எங்க ஊர்ல சுகருக்குக் கால எடுத்தவங்க எத்தினி பேரு தெரியுமா? நாளைல இருந்து நீ படு. உன் வீடு நான் பாக்கறேன்."

"அப்ப கிறிஸ்மஸ்?"

"கிறிஸ்மஸ் எங்கயும் போவாது. வருஷா வருஷம் வரும்."

"ஆஞ்சலா அக்கா வருஷா வருஷம் வருவாங்களா?"

அத்தை காலை மடியிலிருந்து இழுத்துக்கொண்டார்.

"போன கிறிஸ்மஸும் நான் படுத்ததுலதான் நீ போவல. அதுக்கு அப்புறம் பொங்கலும் உங்கிட்ட வாங்கிட்டேன். இப்பவும் நாள் வாங்கிட்டுப் படுக்கச் சொல்றியா? வாங்குனதத் தராம நான் படுக்க மாட்டேன் எலிசு. கிறிஸ்மஸ் முடியட்டும். ஜனவரி பூரா படுக்கறேன். நீயே கஞ்சி ஊத்து."

மாமா கிளினிக்குக்கு அழைத்துப் போனார். கட்டுப் போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள், ஈரம் படக் கூடாது, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்றார்கள். அத்தை கட்டின்மேல் பால் கவரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனார். கட்டோடு கால் ஷூவுக்குள் நுழையவில்லை. மறுபடி பழைய ரப்பர் செருப்பு. ஷூவைத் துடைத்து அட்டைப் பெட்டிக்குள் வைத்தார். கால் ஆறியதும் போட்டுக்கொள்ளலாம் என்று.

எலிசபெத் ஆன்ட்டி தங்கவயலுக்கு எடுத்துப் போகப் புடவை வாங்கினார். அம்மாவுக்கு ஸ்வெட்டர். அத்தை தன் பங்குக்கு முறுக்கு சுட்டு ஒரு டின் நிறையக் கொடுத்தார். உட்கார்ந்துகொண்டுதான் சுட்டார்.

கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம் இருந்தபோது, சிந்து மேடம் ஓடிவிட்டு வீடு திரும்பியிருக்கிறார். அடுக்களையில் குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அத்தை தரையில் அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். உடம்பு அனலாகக் கொதித்ததாம். "அடுப்ப அணைங்க மேடம்" என்றுதான் முதலில் சொல்லியிருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் முதலில் விரலை எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்துக் கணுக்காலுக்கு மேல் எடுக்க வேண்டும் என்று மாமாவிடம் கையெழுத்து வாங்கினார்கள். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். எலிசபெத் ஆன்ட்டி காலையில் தன் வீடுகளையும் அத்தையின் வீடுகளையும் முடித்துவிட்டு, மாலையில் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்துவிடுவார். தங்கவயலுக்கு எடுத்த டிக்கெட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஒரு மாலை என்னையும் உள்ளே விட்டார்கள். அத்தைக்கு நினைவு வந்து வந்து போனது. ஆன்ட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எலிசு. இன்னிக்கு என்னா தேதி?"

"இன்னும் இருக்குதுடி. தூங்கு."

"ரயில விட்றாத."

"விட மாட்டேன்."

"அந்த ரெண்டாவது வீட்டுல பெருங்காயம் போடாத. அந்தப் பொண்ணுக்கு ஆவாது."

"தெரியும்டி. நானும் சமையல்காரிதான்."

அத்தை சிரித்த மாதிரி இருந்தது. நான் பார்த்த வரையில் அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

கிறிஸ்மஸுக்கு முந்தைய நாள் காலையில் இறந்துபோனார். மாலைக்குள் எல்லாம் முடிந்தது. அன்று இரவு ஆன்ட்டி கிறிஸ்மஸ் பூசைக்கு மாதா கோயிலுக்குப் போகவில்லை. மறுநாள் விடியும்போது அவர் வீட்டில் விளக்கு எரிந்தது; குளித்துவிட்டு வேலைக்குப் போனார். அன்று ஒரு வீட்டில் விருந்தாம். ஏழு அடுப்பிலும் அவர்தான் நின்றார்.

ஆஞ்சலா அக்கா தங்கவயலில் அம்மாவோடு பண்டிகை கொண்டாடிவிட்டு, ஜனவரி தொடக்கத்தில் வடக்கே போகும் ரயிலைப் பிடிக்க பெங்களூர் வந்தார். அக்காவும் தங்கையும் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ரயில் கிளம்பும் வரை பார்த்துக்கொண்டார்கள். அத்தை சுட்ட முறுக்கு டின்னை ஆன்ட்டி அக்காவிடம் கொடுத்தனுப்பினார். மூடிகூடத் திறக்கப்படவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் மாமா அந்த அட்டைப் பெட்டியை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"இத என்னாம்மா பண்றது?"

திறந்து பார்த்தேன். அடிப்பாகம் தேயவே இல்லை. ரோட்டில் அவர் அதைப் போட்டு நடந்த நேரத்தையெல்லாம் கூட்டினாலும் சிந்து மேடம் ஓடும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு வராது என்று நினைக்கிறேன். ஒருமுறை போட்ட ஷூவைப் பாதி விலைக்கு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. இன்னொருவர் காலுக்குப் போவதை அத்தை விரும்பியிருக்க மாட்டார். தன் பீடை யாருக்கும் ஒட்டக் கூடாது என்று நினைத்திருப்பார்.

"நல்ல ஷூதானே அது?" என்று கேட்டார் மாமா. குற்றம் சொல்லும் குரலில் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

நல்ல ஷூதான் என்றேன். அதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. அத்தை அந்த இயந்திரத்தில் ஓடி இறங்கி, வலிக்கவில்லை என்று சொன்னது பொய் இல்லை. அந்தக் காசுக்குத் தகுமா என்று அவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு, ஷூவைப் பற்றி எழுதிய அத்தனை பேரும் பதில் சொல்லியிருந்தார்கள். ஆனால் அந்தக் கேள்வியில் ஷூவின் விலை மட்டும் இல்லை. எத்தனை வாசலில் கழற்ற வேண்டும், யார் வீட்டுத் தரையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதும் இருந்தது. அதை எங்கே தேடிப் படித்திருக்க முடியும் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இப்போது எனக்கு வேலை கிடைத்துவிட்டது. அலுவலகத்துக்கு ஷூ போட்டுப் போகிறேன். காலையில் போட்டால் சாயங்காலம்தான் கழற்றுகிறேன். அப்படி ஒரு நாள் அமைவதே ஒரு வசதி என்று முன்பு தோன்றியதில்லை.

மாமா அன்று பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு, நேராக எலிசபெத் ஆன்ட்டியின் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்து நீட்டினார்.

"அவ உனக்குக் குடுக்க வேண்டியது இருக்குதாம்மா. ஆஸ்பத்திரில என்கிட்டச் சொல்லிட்டே இருந்தா."

ஆன்ட்டி நோட்டைப் பார்த்தார். "நாள் வாங்குனா நாளாத்தான் தரணும்னு உங்களுக்குத் தெரியாதாண்ணா?"

"தெரியும். எனக்கு உப்புமாகூட வராதே."

ஆன்ட்டி சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். மாமா நோட்டுகளை மறுபடி பையில் வைத்துக்கொண்டு, ஷூ பெட்டியோடு வீட்டுக்குப் போனார்.

அத்தையின் நாலு வீடும் இப்போது ஆன்ட்டியிடம்தான். இந்த டிசம்பரில் நான் ஆன்ட்டியிடம் போய்ச் சொன்னேன். லீவு சொல்லிவிட்டேன், கிறிஸ்மஸுக்கு உங்கள் வீடுகளை நான் பார்க்கிறேன், நீங்கள் அம்மாவிடம் போய்விட்டு வாருங்கள்.

"உனக்கு ரசம் வெக்கத் தெரியுமா?"

"தெரியும் ஆன்ட்டி."

"உங்கம்மா சொன்னாங்க, அது சுடுதண்ணின்னு."

"தெருவுல வேற யாரையாவது கேக்கறேன். அத்தைக்காக எல்லாரும் வருவாங்க."

ஆன்ட்டி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வேணாம் பிரபா. அந்த நாள் அம்புஜம் குடுக்க வேண்டியது. நீங்க குடுத்துட்டா தீந்து போயிடும். தீந்து போனா அவளுக்கும் எனக்கும் இன்னா இருக்குது?"

கிறிஸ்மஸ் அன்று விடிகாலையில் அவர் வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். புதுப் புடவை கட்டியிருந்தார். கையில் வேலைக்குப் போகும் பை. வாசலில் அவருடைய செருப்பு, எப்போதும் போல, ஒன்று அங்கும் ஒன்று இங்குமாகக் கிடந்தது. குனிந்து தேடி மாட்டிக்கொண்டு ஏழு அடுப்புக்கும் கிளம்பினார். அம்புஜம் அத்தை தர வேண்டிய கிறிஸ்மஸ் இன்னும் பாக்கி இருக்கிறது.